எர்மெலோவுக்குப் பிறகு

நொங்கோமா
5 மே 1996

தம்பி ஃபலாக்கேவுக்கு,

நாங்கள் இங்கே இன்னும் காலையில் எழுந்து அடுப்பு மூட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் அங்கே எழுந்து நடமாடுகிறாய் என்று எண்ணி இதை எழுதுகிறேன். மாடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. சின்னவள் நொக்வாசிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைத் திறந்து ஊருக்கெல்லாம் காட்டுகிறாள். அப்பாவின் குழிமேட்டுக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

குழிமேல் அடுக்கிய கற்கள் நன்றாகப் படிந்துவிட்டன. உன் அண்ணனின் உடம்பை அந்த வெள்ளம் திருப்பித் தரவில்லை. நீ ஆற்றங்கரையில் வெட்டி, அவரைக் கூப்பிட்டு அதில் ஏற்றிக் கொண்டுவந்த இலந்தைக் கொப்பையாவது அவருடைய போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் புதைத்தோம். பெரியப்பா போகிற இடமெல்லாம் உன் பேச்சுதான். "பொடிப்பயன்னு நெனச்சேன். வடக்குக் கோடியிலேருந்து வழியெல்லாம் வாயத் தொறக்காம அண்ணனைக் கூட்டியாந்துட்டான் பாரு" என்கிறார். நீ வாயைத் திறக்காமல் வந்தாய் என்பதை என்னால்தான் நம்ப முடியவில்லை. தூக்கத்தில்கூடப் பேசுகிற ஆள் நீ.

ஆனால் வந்து சேர்ந்த பிறகும் நீ பேசவில்லையே. மண் போட்ட மறுநாளே, லீவு முடிந்தது என்று விடுதி வேலைக்கு ஓடிவிட்டாய். கொப்பைச் சுமந்து வந்தவன் வந்த வழியைச் செத்தவரின் பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டாமா? எங்கெங்கே வண்டி மாறினீர்கள், அவரை எந்தப் பக்கம் உட்கார வைத்தாய், எந்த ஆற்றைத் தாண்டும்போது என்ன சொன்னாய், எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். இந்தத் துக்கக் கறுப்புத் துணியோடு ஓராண்டு நான் எங்கும் போக முடியாது. நீ எழுதினால், அந்த வழியில் நானும் அவரோடு வந்ததுபோல் இருக்கும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் அண்ணி
சிபுயிலே

---

ஹூட்ஸ்பிரெய்ட்
30 மே 1996

அண்ணிக்கு,

எனக்குக் கால் கை எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெரியப்பாவின் முழங்காலுக்கும் சுகம் கேட்கிறேன். நொக்வாசியின் புதுப் பல்லை மாட்டுப் பல்லாக முளைக்கச் சொல்லியிருப்பதாக அவளிடம் சொல்லுங்கள்.

வழியைக் கேட்டீர்கள். விடுதியின் தண்ணீர்ப் பம்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் தூக்கி வைக்கச் சொல்லி அண்ணனை அனுப்பினார்களே, அந்த இடத்துக்கு நேர்மேலே ஒரு இலந்தை நிற்கிறது. வெள்ளம் அதைத் தொடவில்லை. அதில்தான் வெட்டினேன். கரையில் நின்று குலப்பெயர் சொல்லி, "மகெதாமா! வெலாபி அண்ணே! எந்திரி, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கூப்பிட்டதும் கொப்பு கனத்தது. சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணி, நிறைகுடம் மாதிரி கனத்தது.

அந்த நிமிடத்திலிருந்து உயிரோடு இருக்கிற யாரிடமும் பேசக் கூடாது, அண்ணனிடம் மட்டும்தான். விடுதிச் சமையற்கட்டுப் பெண்கள் எனக்கு வணக்கம் சொல்ல நேராதபடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். சிங்கம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மாதான் நான்கு தடவை காலை வணக்கம் சொல்லிப் பார்த்துவிட்டு, திமிர் பிடித்தவன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். வாசல் காவல்காரன் மசாவா வேற்று இனத்து ஆள். அவனுக்கே தெரிந்திருக்கிறது. எப்போதும் கேட்டில் ஒரு கதவைத்தான் திறப்பான். அன்று இரண்டையும் திறந்து, "ரெண்டு பேருல்ல போறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நான் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணே, கேட்டைத் தாண்டுகிறோம். அண்ணே, யானைக் கூட்டம் வழியை மறிக்கிறது, பொறு. அண்ணே, இது வேன், ஜன்னல் ஓரம் உனக்கு. எல்லா வண்டியிலும் இரண்டு விரலைக் காட்டி இரண்டு பேருக்குக் காசு கொடுத்தேன். நெல்ஸ்பிரெய்ட் வரைக்கும் மாந்தோப்பும் வாழைத்தோப்பும். அதற்கு மேல் மலையேறி மேட்டுநாடு. அங்கே புல்லெல்லாம் காய்ந்து, கரி எரிக்கிற புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. குளிரும் அண்ணே, போர்வையை இழுத்துக்கொள் என்றேன். பிறகு எர்மெலோ. அங்கே வண்டி மாறினோம்.

எர்மெலோவுக்குப் பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை. வந்து சேர்ந்தோம்.

உங்கள் கொழுந்தன்
ஃபலாக்கே

---

நொங்கோமா
23 ஜூன் 1996

தம்பிக்கு,

எல்லோரும் பிழைத்துக் கிடக்கிறோம். உனக்குச் சளி பிடிக்கவில்லையே? இங்கே பனி கொட்டுகிறது. ஒரு கன்று செத்துப்போனது.

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். யானை வழி மறித்த இடத்தில் நொக்வாசி கை தட்டுகிறாள். ஆனால் எர்மெலோ வந்ததும் "அப்புறம்?" என்று கேட்கிறாள். எனக்கும் அதே கேள்விதான். எர்மெலோவிலிருந்து நம் வீட்டுக்கு இன்னும் ஒரு முழுப்பகல் வழி இருக்கிறது. யானைக்கு ஒரு வரி எழுதியவன், எம்கோண்டோ ஊருக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? அங்கே ஆறு இருக்கிறதே, அதைத் தாண்டும்போது அவரிடம் சொன்னாயா? தண்ணீரில் செத்தவர். சொல்லாமல் தாண்டினால் பயந்துவிடுவார்.

செத்தவர்கள் வீடு வந்ததும் கனவில் ஒருமுறை தலைகாட்டுவார்கள். பக்கத்து வீட்டு மாம்கிசேவுக்கு அவள் புருஷன் பத்தாம் நாளே வந்து, சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடு என்று கேட்டானாம். உன் அண்ணன் என்னிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கோபமாக வருகிறது. கேட்பதற்கு என்ன, பொத்தான் இல்லாத சட்டை அவரிடமும் இருந்தது.

இன்னொன்று. அவ்வளவு தூரம் வந்தும் கொப்பு வாடாமல் இருந்ததே, எதில் சுற்றிக் கொண்டுவந்தாய்?

அண்ணி
சிபுயிலே

---

ஹூட்ஸ்பிரெய்ட்
19 ஜூலை 1996

அண்ணிக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். விடுதி நிறைய ஆட்கள், பென்சில் பிடிக்க நேரமில்லை.

ஈரச்சாக்கில் சுற்றினேன்.

எம்கோண்டோவில் வண்டி மாறினோம், ஆற்றைத் தாண்டினோம், எல்லோரையும்போலத்தான். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். அந்த வழியைப் பற்றி இனிமேல் என்னைக் கேட்காதீர்கள். அடக்கம் செய்தாகிவிட்டது.

ஃபலாக்கே

---

நொங்கோமா
25 ஆகஸ்ட் 1996

தம்பிக்கு,

சட்டைகள் அளவாக இருக்கின்றன. நீ நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

கேட்காதே என்றாய், கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கனவு வராததால் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு, மலைக்கு அந்தப்பக்கம் குறி சொல்கிற அம்மாவிடம் போனேன். நாங்கள் எதற்கு வந்தோம் என்று நான் சொல்லவில்லை. அவள் பாயை விரித்து உட்கார்ந்து, நீளமாகக் கொட்டாவி விட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு ஆம்பளை வண்டிக்குள்ள உக்காந்திருக்கான். சுத்தியும் தெரியாத ஆளுங்க. எப்ப எறங்கணும், எப்ப எறங்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். ஒருத்தரும் பதில் சொல்லல" என்றாள்.

பெரியப்பா கோபித்துக்கொண்டு, "எங்க பையன் வீடு வந்து சேந்தாச்சு, நீ வேற யாரோட பொணத்தையோ சொல்ற" என்று எழுந்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

உன் அண்ணி
சிபுயிலே

---

நொங்கோமா
13 அக்டோபர் 1996

தம்பிக்கு,

நான் எழுதி ஏழு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைக்காரர் தபால் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் போய் நிற்கிறேன். கறுப்புத் துணிக்காரி எதிரில் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்து, "ஒண்ணும் வரலம்மா" என்று தூரத்திலேயே கை ஆட்டிவிடுகிறார்.

மழை வந்துவிட்டது. சோளம் போட்டாயிற்று. பிப்ரவரி முடிந்ததும் எனக்குக் கறுப்பு கழற்றுவார்களாம். அதையொட்டி உன்னிடமும் ஏதோ பேச வேண்டும் என்று பெரியப்பா மீசையைத் தடவுகிறார்.

வழியைப் பற்றி எழுத வேண்டாம். சாப்பிடுகிறாயா என்று மட்டுமாவது எழுது.

சிபுயிலே

---

ஹூட்ஸ்பிரெய்ட்
10 நவம்பர் 1996

அண்ணிக்கு,

நான் சுகமாக இல்லை. சாப்பிடுகிறேன், தங்குவதில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இதை நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

எர்மெலோவில் இரண்டு விரலைக் காட்டினேன். டிரைவர் இரண்டு பேர் காசையும் வாங்கிக்கொண்டான். கண்ணாடியில் சிலுவைப் படம் ஒட்டியிருந்தது. அண்ணனை ஜன்னல் ஓரம் வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் நிறைந்துவிட்டது. மேட்டுநாடு முடிந்து பைன் மரக்காடு தொடங்குகிற இடத்தில், ஒரு அம்மா இரண்டு கோழியோடு வழியில் கை காட்டினாள். டிரைவர் நிறுத்திவிட்டான்.

"அந்தக் குச்சிய எடுத்துக் கீழ போடு, அம்மா உக்காரட்டும்" என்றான். நான் இரண்டு விரலைக் காட்டினேன். பின்னாலிருந்து ஒருவர், "குச்சி இல்லப்பா அது, ஆளு. காசும் குடுத்திருக்காரு" என்றார். அந்த அம்மாவும், "ஐயோ எனக்கு வேணாம், நான் அடுத்த வண்டில வர்றேன்" என்று காலைப் பின்வாங்கினாள்.

டிரைவருக்கு அது ரோஷமாகிவிட்டது. "நான் ரட்சிக்கப்பட்டவன். என் வண்டில பேய்க்கெல்லாம் சீட்டு கெடையாது. செத்தவன் செத்தவந்தான்" என்று இறங்கி வந்து, கதவைத் திறந்து, கொப்பைப் பிடித்து இழுத்து, வேனுக்குள் ஆட்களின் காலடியில் போட்டான். இலையெல்லாம் உதிர்ந்தது.

நான் கத்திவிட்டேன், அண்ணி. "டேய்! அது எங்கண்ணன்டா! கைய எடுடா!" என்று கத்தினேன்.

டிரைவர் ஓரடி பின்வாங்கினான். கோழிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்தவர் மெதுவாக, "பேசிட்டியே மகனே" என்றார்.

குனிந்து கொப்பைத் தொட்டேன். கனம் இல்லை. வெறும் கொப்பு. பேசிய வாயோடு அண்ணனை இனி எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இறங்கிவிட்டேன். கொப்பை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கை போகவில்லை. வேன் போய்விட்டது. அண்ணன் காலடியில் கிடந்தபடி போனார்.

அந்த மரக்காட்டு ரோட்டில் பொழுது சாயும்வரை நடந்தேன். மறுநாள் ஒரு லாரியில் நொங்கோமா வந்தேன். நீங்கள் எல்லோரும் வாசலில் காத்துக்கொண்டு நிற்பீர்கள் என்று தெரியும். வெறுங்கையோடு வர எனக்குத் தைரியம் இல்லை. உண்ணி போக மாடுகளை முக்குகிற மருந்துத் தொட்டி இருக்கிறதே, அதன் பக்கத்து இலந்தையில் ஒரு கொப்பு வெட்டினேன். அதைத்தான் நீங்கள் போர்வையில் சுற்றினீர்கள்.

குறிகாரி சொன்னது சரி.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள்.

ஃபலாக்கே

---

நொங்கோமா
1 டிசம்பர் 1996

தம்பிக்கு,

பிள்ளைகள் சுகம். என்னைக் கேட்காதே.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். கொப்பை வாங்கியபோது வெட்டுவாயில் என் கட்டைவிரல் பட்டது. பால்போல ஈரம். அந்த வடகோடியிலிருந்து வந்த கொப்பின் வெட்டுவாய் காய்ந்து கறுத்திருக்கும். எந்தச் சாக்கில் சுற்றினாலும் கறுத்திருக்கும். விறகு பொறுக்கியே வளர்ந்தவளிடம் நீ ஈரச்சாக்குக் கதை சொல்கிறாய். அடுத்த வாரம் தொட்டிப் பக்கம் போனபோது, மரத்தில் காயத்தையும் பார்த்தேன். நம் வாசலிலிருந்தே தெரிகிற மரம். வெட்டுவதற்கு வேறு மரம் கிடைக்கவில்லையா உனக்கு?

ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்பாய். பிள்ளைகள் குழியைச் சுற்றி நின்றார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி வெறும் பெட்டியாகியிருக்கும், உன்னை அங்கேயே அடித்துக் கொன்றிருப்பார்கள். அதனால் நானும் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன். வழியில் கொப்பு ஒடிந்திருக்கும், வேறு கொப்பில் மாற்றி ஏற்றிக்கொண்டு வந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் எர்மெலோவுக்குப் பிறகு என்ன என்று உன்னைக் குடைந்தேன். அப்படி ஒரு வரி நீ எழுதியிருந்தால், பொய்யென்றாலும் நம்பியிருப்பேன்.

மறுபடி ஆற்றுக்குப் போய்க் கூப்பிடாதே. அவர் அங்கே இல்லை. கூப்பிட்டதும் எழுந்து உன்னோடு வந்துவிட்டார். நீ விட்ட இடத்தில்தான் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டுப் புறப்படு. எம்கோண்டோவில் அந்த டிரைவரைத் தேடு. கொப்பு என்ன ஆனது என்று கேள்.

சிபுயிலே

---

எம்கோண்டோ
19 ஜனவரி 1997

அண்ணிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விடுதியை விட்டாகிவிட்டது. பெட்டியோடு நான் வருவதைப் பார்த்து மசாவா ஒரு கதவைத்தான் திறந்தான். வந்த வழியெல்லாம் அதே வழி. இந்தத் தடவை என்னோடு பேசினவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன்.

வேன் ஸ்டாண்டில் மூன்று நாள் நின்று அவனைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டான். "அன்னைக்கே திரும்பி வருவீங்கன்னு பாத்தேன் தம்பி" என்றான்.

"கொப்பு எங்கண்ணே?"

"நீங்க எறங்குன பொறவு ஒருத்தரும் அது பக்கத்துல உக்காரல. ஒரு பொம்பளை அழ ஆரம்பிச்சிருச்சு. ஊருக்கு முன்னாடி ஆத்துப் பாலம் இருக்குல்ல, அங்க நிறுத்தி, ஜெபம் பண்ணி, தண்ணில விட்டேன். தூக்கி எறியல தம்பி. மரியாதையாத்தான் விட்டேன்."

"எங்கண்ணன் தண்ணிலதான் செத்தாருண்ணே" என்றேன்.

அவன் வேன் படியில் உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். அவனை அடிக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தேன். அடிக்கத் தோன்றவில்லை.

புதுக்கொப்பு வெட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். கூப்பிட்டேன். மூன்று தடவை இல்லை, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். மர லாரிகள் என்னை உரசிக்கொண்டு போயின. கொப்பு கனக்கவில்லை. மறுநாளும் கனக்கவில்லை. ஒருமுறை என்னை நம்பி எழுந்து வந்தவர். தெரியாத ஆட்களின் காலடியில் அவரைப் போட்டுவிட்டு இறங்கிப் போனவன் கூப்பிட்டால், மறுபடி எதற்கு வருவார்? நானே அவராக இருந்தாலும் வரமாட்டேன்.

இங்கே மரம் அறுக்கிற மில்லில் சேர்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாலத்துக்குப் போகிறேன். வெறும் கொப்போடு வீட்டுக்கு வரமாட்டேன். கறுப்பு கழற்றும் நாளுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபலாக்கே

---

நொங்கோமா
2 மார்ச் 1997

ஃபலாக்கே,

இனி உன்னைத் தம்பி என்று எழுத முடியாது. ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் சுகம்.

நேற்று கறுப்பைக் கழற்றி எரித்தார்கள். ஆடு வெட்டினார்கள். சோளக் கள் இரண்டு பானை. குமரிமாதிரி இருக்கிறாய் என்று பெண்கள் கேலி செய்தார்கள். சிரித்தேன். எல்லோரும் குழிமேட்டுக்குப் போய், வெலாபி, வீட்டைப் பார்த்துக்கொள் என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சொன்னேன். தொட்டிப் பக்கத்து மரக்கொப்பிடம் சொன்னேன்.

சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா எழுந்து நின்றார். "இந்த வீட்டுக்கு ஒரு ஆம்பளை வேணும். வேற எவனையும் நான் தேட வேண்டியதில்ல. அண்ணனை நடுவழியில விடாம வீடு கொண்டாந்து சேத்தவன் இருக்கான். அவனவிட இந்தப் பிள்ளைங்களுக்கு யாரு பொறுப்பா இருப்பா?" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். உன்னைக் கட்டிக்கொள்வேனா என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

முடியாது என்றால் நான் என் அப்பா வீட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவர்கள் உங்கள் குலத்துப் பிள்ளைகள். காரணம் சொல்லலாம். சொன்னால் நொக்வாசி தினமும் போய்ப் பேசுகிற அந்தக் குழியில் ஒன்றுமில்லை என்றாகிவிடும். நான் தலையை ஆட்டினேன்.

பாலத்தில் நின்று கூப்பிட்டது போதும். அவர் வரமாட்டார். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. வேறொருவன் இந்த வீட்டுக்குள் வந்தால், சாகிறவரைக்கும் அந்த மேட்டைக் காட்டி, இதுதான் என் புருஷன் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உன்னிடம் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் தலையை ஆட்டினேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்காதே. மன்னிக்கவில்லை. சோள அறுப்புக்கு ஆள் வேண்டும், வந்து சேர்.

சிபுயிலே